கம்பியில்லாப் புல்வெட்டும் இயந்திரத்தின் பேட்டரி: சார்ஜ் ஏற்றுதலும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் நெடியும் கயிறு இழுத்து இயக்கும் சிரமமும் இல்லை என்பதற்காகப் பேட்டரியில் இயங்கும் புல்வெட்டும் இயந்திரத்தை வாங்குவோர் சில ஆண்டுகளில் ஒன்றை உணர்வார்கள்: மோட்டாரும் கத்தியும் நெடுநாள் உழைக்கும், முதலில் தளர்வது பேட்டரிதான், அதை மாற்ற ஆகும் செலவும் சிறியதல்ல. அந்தப் பேட்டரியை எங்கே வைக்கிறோம், எந்த நிலையில் சார்ஜ் ஏற்றுகிறோம் என்பவைதாம் அதன் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இயந்திரத்தோடு வரும் கையேடுகளோ பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை எண்ணி எழுதப்பட்டவை. அங்கே பேட்டரி ஓய்வெடுப்பது பனிக்காலத்தில். நம் ஊரில் அது ஓய்வெடுப்பது தண்ணீர் குறைந்து புல் காய்ந்து நிற்கும் சித்திரை, வைகாசியில். பேட்டரிக்கு மிகுந்த கேடு செய்யும் மாதங்களிலேயே நாம் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துபோகிறோம். கீழ்வரும் பதில்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தி எழுதப்பட்டவை.

என் பேட்டரியில் 40 வோல்ட் என்று பெரிதாகவும் 36 வோல்ட் என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் ஒரே பேட்டரியைத்தான் குறிக்கின்றன. பிளாஸ்டிக் உறைக்குள் விரல் பருமனுள்ள லித்தியம் அயனி செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அது 4.2 வோல்ட். பத்து செல்களைத் தொடராக இணைத்தால் இயல்பு நிலையில் 36 வோல்ட்டும், முழுச் சார்ஜில் 42 வோல்ட்டும் கிடைக்கும். விற்பனைப் பெயராக 40 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். 18 வோல்ட் பேட்டரியை 20 வோல்ட் என்று விற்பதும் இப்படித்தான்.

ஒப்பிட்டு வாங்க விரும்புவோர் பார்க்க வேண்டிய எண் வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும்: 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சில பதில்களில் இது தேவைப்படும்.

புதுப் பேட்டரியை முதல் முறை பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறார்களே?

தேவையில்லை. அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்துப் பழக்கம். லித்தியம் அயனி பேட்டரி நிரம்பியதும் சார்ஜரின் விளக்கு அதைக் காட்டும். அதோடு முதல் சார்ஜ் முடிந்தது. கடைக்கு வரும் முன்பே பேட்டரி ஓரளவு சார்ஜோடுதான் இருக்கும் என்பதால், முதல் முறை நீங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரம்பினால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். பாதியில் எடுத்துச் சார்ஜ் ஏற்றினால் கொள்ளளவு சுருங்கிவிடும் என்ற அச்சமும் நிக்கல் காட்மியம் காலத்திலிருந்து வந்ததே. லித்தியம் அயனி செல்லுக்கு அந்த நினைவுக் குறைபாடு கிடையாது. மாறாக, ஒவ்வொரு முறையும் அடிவரை தீர்ப்பதுதான் செல்களைக் களைப்பிக்கிறது. இயந்திரத்தின் வேகம் குறைவதை உணர்ந்ததும், அல்லது பேட்டரியின் மேலுள்ள விளக்குகளில் ஒன்று மட்டும் எரியும்போது, வேலையை நிறுத்திவிடுவது நல்லது. இயந்திரம் தானாக நின்ற பிறகு சிறிது நேரம் விட்டு மீண்டும் விசையை அழுத்தினால் சில நொடிகள் ஓடும். எஞ்சிய ஒரு கீற்றுப் புல்லை வெட்டுவதற்காக இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

புல் வெட்டி முடித்தவுடன் சார்ஜரில் பொருத்தலாமா?

அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அடர்ந்த புல்லில் இயந்திரம் 1,000 வாட் வரை இழுக்கும்போது 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 28 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. அந்த வேலையின் வெப்பம் செல்களின் நடுவே தங்கி நிற்கும். மேலுறை ஆறிவிட்டதாகக் கைக்குத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் செல்கள் ஆற இன்னும் நேரமாகும். பெரும்பாலான நிறுவனங்கள் சார்ஜ் ஏற்றுவதற்கு ஏற்ற வெப்பநிலையாக ஏறத்தாழ 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை குறிப்பிடுகின்றன. நல்ல சார்ஜர், பேட்டரி சூடாக இருப்பதை உணர்ந்தால் விளக்கின் நிறத்தை மாற்றிக் காத்திருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டாம்.

பேட்டரியை விரைவாக ஆறவைக்க எண்ணிக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பவர்களும் உண்டு. வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் படியும். மின்சுற்றுப் பலகைக்கு அது கேடு. மின்விசிறிக்கு அடியில், தரையில் வைத்தால் போதும்.

80 விழுக்காடு வரை வேகமாக ஏறிவிட்டுக் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? இரவு முழுவதும் சார்ஜரிலேயே விடலாமா?

சார்ஜர் இரண்டு கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டை எட்டும் வரை கொண்டு செல்கிறது. அதன் பிறகு அந்த மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. குடத்தின் கழுத்துக்கு நீர் வந்ததும் குழாயைச் சன்னமாகத் திருப்புவது போன்றது இது. மின்னோட்டம் மிகவும் குறைந்ததும் சார்ஜர் தானாக நின்றுவிடும்.

தானாக நிற்கும் என்பதால் இரவு முழுவதும் விட்டுவைப்பதில் உடனடி ஆபத்து இல்லை என்று சொல்லலாம்தான். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லித்தியம் பேட்டரியில் கோளாறு ஏற்பட்டால், அது வெளிப்படும் வாய்ப்பு சார்ஜ் ஏறும் நேரத்தில் அதிகம். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும். சார்ஜரை வாசற்படிக்கு அருகிலும், மாடிப்படியின் அடியிலும், மெத்தை, பழைய செய்தித்தாள், பெட்ரோல் கேன் போன்றவற்றின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. தீ எழுந்தால் வெளியேறும் வழியை அது அடைத்துவிடக் கூடாது என்பதே காரணம். சிமெண்ட் தரையோ கடப்பைக் கல் மேடையோ ஏற்ற இடம்.

கோடையில் இரண்டு மூன்று மாதம் இயந்திரத்தைத் தொடவே மாட்டோம். பேட்டரியை எப்படி வைப்பது?

இதுவே நம் ஊருக்கு மிக முக்கியமான கேள்வி. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் லித்தியம் அயனி செல்லுக்கு வயது ஏறுகிறது. எதிர்மின்வாயின் (செல்லின் மைனஸ் பக்கத் தகட்டின்) மேல் படியும் மெல்லிய படலம் மெதுவாகத் தடித்துக்கொண்டே போய், மின்னூட்டத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தை விழுங்குகிறது. இந்த வேதிமாற்றத்தை விரைவுபடுத்துபவை இரண்டு: வெப்பம், முழுச் சார்ஜ். 10 டிகிரி கூடினால் இத்தகைய வேதிமாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகைக்குள் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான வெப்பம் இருக்கும். அங்கே முழுச் சார்ஜோடு பேட்டரியை வைப்பது, கேடு செய்யும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதாகும். என் முதல் பேட்டரியை மொட்டை மாடிக் கொட்டகையில் இரண்டு கோடைகள் அப்படித்தான் வைத்திருந்தேன். புல்தரை முழுவதையும் ஒரே சார்ஜில் முடித்துக்கொண்டிருந்த பேட்டரி, பிறகு பாதித் தரைக்கே திணறியது.

ஆகவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நான்கு விளக்குகள் உள்ள பேட்டரியில் இரண்டு எரியும் நிலை, அதாவது 40 முதல் 60 விழுக்காடு, நெடுநாள் ஓய்வுக்கு ஏற்றது. வெயில் படாத, சமையலறை வெப்பம் எட்டாத, ஈரமில்லாத அறையின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தளக் கூரையை ஒட்டிய பரண் வேண்டாம், கோடையில் வீட்டின் சூடான இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விளக்கைப் பார்த்து, ஒன்றாகக் குறைந்திருந்தால் மீண்டும் பாதி வரை ஏற்றுங்கள். சில நிறுவனங்களின் பேட்டரிகள் நெடுநாள் தொடாமல் இருந்தால் தாமாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். அந்நேரத்தில் சற்று வெதுவெதுப்பாகத் தோன்றுவது இயல்பு. அத்தகைய பேட்டரியானாலும் அதற்கும் நிழலும் காற்றோட்டமும் வேண்டும்.

மழைக்காலத்தில் வாரந்தோறும் புல் வெட்டுபவர்களுக்கும் இதே கொள்கை பொருந்தும். வெட்டி முடித்த நாளில் முழுதாக ஏற்றி ஆறு நாள் வைப்பதைவிட, அடுத்த முறை வெட்டுவதற்கு முந்தின மாலையில் நிரப்புவது பேட்டரிக்கு இதம்.

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே விதிகளா?

பாதிச் சார்ஜ், உலர்ந்த இடம் என்பவை அங்கும் பொருந்தும். பகை மட்டும் வேறு. வெப்பமூட்டப்படாத வாகனக் கொட்டகையில் பனிக்காலம் முழுவதும் கிடந்த பேட்டரியை, வசந்தத்தின் முதல் நாளில் எடுத்து உடனே சார்ஜரில் பொருத்தக் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் எதிர்மின்வாய்க்குள் நுழைய முடியாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு கொள்ளளவைக் குறைப்பதோடு உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படவும் வழி செய்யும். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, மேலே படிந்த ஈரம் உலர்ந்த பிறகு சார்ஜ் ஏற்றுங்கள்.

கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் பேட்டரியும் சார்ஜரும் வாங்கிவரச் சொல்லலாமா?

இரண்டு தடைகள் உள்ளன. பயணிகள் விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்கேற்றும் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். அதிலும் 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 160 வாட்-மணிக்கு மேற்பட்டால் பயணி அதைக் கொண்டுவரவே முடியாது. முன்பு கணக்கிட்ட 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 180 வாட்-மணி என்பதால் அது விமான நிலையத்திலேயே தடுக்கப்படும்.

அடுத்தது சார்ஜர். கனடா, அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட் மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். கைப்பேசி சார்ஜர்களைப் போலவே எல்லாச் சார்ஜர்களும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தோட்டக் கருவிகளின் சார்ஜர்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு கருவி மின்னழுத்தத்தை மாற்றாது. சார்ஜரின் அடிப்பகுதியில் உள்ளீடு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே மின்சாரத்தில் பொருத்த வேண்டும்.

இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏற்றலாமா? நீட்டிப்புப் பலகை பயன்படுத்தலாமா?

தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டர் என்றால் பொதுவாகத் தொல்லை இல்லை. சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டரைத் தவிர்ப்பது நல்லது. சார்ஜர் சூடாகும், சிலவற்றில் பழுதாகவும் கூடும். சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகப் பொருத்துவதே சிறந்தது. மின்னல் வெட்டும்போது கழற்றிவிடுங்கள். மின்கட்டணம் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை: 180 வாட்-மணி பேட்டரியை நிரப்ப, சார்ஜரின் இழப்பையும் சேர்த்து, கால் யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

அரை மணி நேரம் ஓடும் என்றார்கள். கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி பழுதா?

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் புல்லையும் கத்தியையும் பாருங்கள். 180 வாட்-மணி பேட்டரி சராசரியாக 400 வாட் இழுக்கும் வேலையை 27 நிமிடம் செய்யும். அதே பேட்டரி 800 வாட் இழுக்க நேர்ந்தால் பதின்மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மழைக்குப் பின் ஈரமாக நிற்கும் அருகம்புல், முழங்கால் வரை வளரவிட்ட தரை, முனை மழுங்கிய கத்தி, அடித்தட்டில் அப்பிக் காய்ந்த புல் ஆகிய ஒவ்வொன்றும் மோட்டாரின் சுமையைக் கூட்டும். ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால் புல்லுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது. கத்தியைத் தீட்டி, அடித்தட்டைச் சுரண்டி, உலர்ந்த புல்லில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நேரம் பாதியாகவே இருந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கத்தியைத் தொடும் முன் பாதுகாப்புச் சாவியையும் பேட்டரியையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். கம்பி உள்ள இயந்திரத்தில் பிளக் சுவரில் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. பேட்டரி உள்ளே இருக்கும்வரை, விளையாட வந்த குழந்தையின் கை பட்டாலும் கத்தி சுழலக்கூடும்.

பேட்டரியையும் சார்ஜரையும் எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

உலர்ந்த துணியும் மென்மையான தூரிகையும் போதும். உலோக முனைகளுக்கிடையே புல்தூள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று முனைகளை அரிக்கும். பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை கவனியுங்கள். ஆணி, சாவி, கம்பித்துண்டு கிடக்கும் கருவிப் பெட்டிக்குள் பேட்டரியைப் போடக் கூடாது. இரு முனைகளையும் ஓர் உலோகத் துண்டு இணைத்துவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. வெளியே காய்ந்திருந்தாலும், வெள்ள நீரில் கரைந்திருந்த உப்பும் சேறும் மின்சுற்றுப் பலகையிலும் செல்களின் இணைப்புகளிலும் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். நாட்கள் கழித்தும் குறுக்குச் சுற்று ஏற்படலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தரைத்தள வீடுகள் பல நீரில் மூழ்கின. அத்தகைய நிலை வந்தால், இயந்திரத்தைத் தூக்க முடியாவிட்டாலும் பேட்டரியை மட்டும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவது எளிது. மூழ்கிவிட்ட பேட்டரியைச் சார்ஜரில் பொருத்தாமல், வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, விற்பனையாளருக்குத் தெரிவியுங்கள்.

நெடுநாள் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுக்கிறது. இன்னொரு பேட்டரியோடு கம்பியால் இணைத்து எழுப்பலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்களே?

தயவுசெய்து முயல வேண்டாம். சார்ஜர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. செல்லின் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்த நிலையில் நெடுநாள் கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, இரு மின்வாய்களுக்கும் இடையே பாலமாகிவிடக்கூடும். கம்பியால் எழுப்பப்பட்ட பேட்டரி அன்றைக்கு வேலை செய்வதுபோலத் தோன்றும். தீ பிடிப்பது பிறிதொரு நாள் சார்ஜ் ஏறும்போதாக இருக்கலாம். உறையைப் பிரித்துச் செல்களை மாற்றித் தரும் சிறு கடைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒத்த திறனுள்ள செல்களைத் தேர்ந்து, முறையாகப் பற்றவைத்து, பாதுகாப்புச் சுற்றைச் சோதிப்பது தேர்ந்த வேலை. அந்த வசதி இருக்கிறதா என்று வெளியிலிருந்து அறிவது கடினம் என்பதால் நான் தவிர்க்கவே சொல்வேன்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் அஞ்ச வேண்டும்? தீப்பிடித்தால் என்ன செய்வது?

உறை உப்பியிருத்தல், விரிசல், ஆறாத சூடு, சீறும் ஓசை, நெயில் பாலிஷை நினைவூட்டும் இனிப்பு கலந்த நெடி, புகை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்தப் பேட்டரியின் பணி முடிந்தது. உயரத்திலிருந்து கீழே விழுந்த பேட்டரியையும், வெளியே காயம் தெரியாவிட்டாலும், ஒரு நாள் வெளியில் தனியே வைத்துக் கவனியுங்கள்.

புகையோ சீற்றமோ தொடங்கிவிட்டால் கையால் தூக்கி வெளியே எறிய முயலாதீர்கள். ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லைப் பற்றவைக்க, நொடிகளில் அது தொடர் வெடிப்பாக மாறும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருப்பதால் மூச்சை இழுக்காமல், அனைவரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, இந்தியாவில் என்றால் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். எரிவது லித்தியம் பேட்டரி என்று கட்டாயம் சொல்லுங்கள். எட்டும் இடத்தில் இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிடலாம். தீயணைப்புத் துறையினர் இதில் மிகுந்த அளவில் தண்ணீரைப் பயன்படுத்துவது செல்களைக் குளிர்விப்பதற்காக. அணைந்ததாகத் தோன்றிய பேட்டரி மணிக்கணக்கில் கழித்து மீண்டும் பற்றியெழலாம் என்பதால், அவர்கள் அகற்றும்வரை அருகே செல்ல வேண்டாம்.

எங்களுடையது பழைய இயந்திரம். உள்ளே ஈய அமில பேட்டரி இருக்கிறது.

அப்படியானால் மேலே சொன்ன பாதிச் சார்ஜ் விதி உங்களுக்குப் பொருந்தாது. ஈய அமில பேட்டரியைக் குறைந்த சார்ஜில் கிடத்தினால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் போலவே அதை எப்போதும் நிரம்பிய நிலையில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்குரிய சார்ஜரை லித்தியம் பேட்டரிக்கும், லித்தியம் சார்ஜரை அதற்கும் மாற்றிப் பயன்படுத்தவே கூடாது.

உழைத்து முடித்த பேட்டரியை எங்கே கொடுப்பது?

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குப்பை வண்டியின் அழுத்தும் தகடு செல்லை நசுக்கினால் வண்டியே தீப்பற்றும். இந்தியாவில் 2022 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் வைத்துள்ளன. பேட்டரியின் மேல் குறுக்குக்கோடிட்ட குப்பைத் தொட்டியின் படம் இருப்பதும் இதை நினைவூட்டத்தான். எனவே வாங்கிய கடையிலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ கேளுங்கள்; மறுத்தால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் விவரத்தை எழுத்தில் தரும்படி கேட்கலாம். கொடுப்பதற்கு முன் சார்ஜ் குறையும்வரை இயந்திரத்தில் ஓட்டித் தீர்த்து, உலோக முனைகளின் மேல் மின்காப்பு நாடா ஒட்டி, ஓர் அட்டைப் பெட்டியில் தனியே வைத்துக் கொண்டுசெல்லுங்கள். உப்பிய பேட்டரியாக இருந்தால் ஓட்டித் தீர்க்க முயலாமல், அட்டைப் பெட்டிக்குப் பதில் உலர்ந்த மணல் நிரப்பிய உலோக வாளியில் வைத்து, கடைக்காரருக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.